இதய ஓட்டையும் இதயத்தில் தங்கும் கிருமியும்: கொங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப்பாவுக்குப் பிறவியிலேயே இதயத்துல ஓட்டைங்க. "பல்லைப் பத்திரமாப் பாத்துக்கங்க, இல்லீன்னா இதயத்துல கிருமி தங்கிரும்"னு டாக்டர் சொல்றாரு. பல்லுக்கும் இதயத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

ரத்தம்தான் சம்பந்தம். கீழ்பவானி வாய்க்காலில் மடை திறந்து தண்ணீர் குறுகலாகப் பீச்சும்போது எதிர்க்கரை அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரித்த இடத்தில் செத்தையும் சேறும் ஒதுங்கும். இதயத்திலும் இதுவே நடக்கிறது. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால், இடது பக்கத்து அழுத்தத்தில் ரத்தம் வலது அறைச் சுவரின் மீது வேகமாகப் பீய்ச்சி அடிக்கும். அடிபடும் இடத்தில் இதயத்தின் உள்தோல் தேய்ந்து, அதன்மேல் சிறு ரத்தக்கட்டி படியும்.

ஈறு வீங்கியிருந்தாலோ பல் சொத்தையாக இருந்தாலோ, பல் விளக்கும்போதும் மெல்லும்போதும்கூட வாயிலுள்ள கிருமிகள் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். நல்ல இதயம் உள்ளவருக்கு அவை சில நிமிடங்களில் அழிந்துவிடும். மேலே சொன்ன கட்டி இருக்கிற இதயத்தில் அதைப் பிடித்துக்கொண்டு பெருகும். இந்தத் தொற்றுக்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர். கிருமியும் ரத்தக்கட்டியும் சேர்ந்த அந்தத் திரளை டாக்டர்கள் வெஜிடேஷன் என்பார்கள். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் உடம்பின் வெள்ளை அணுக்கள் உள்ளே போய்ச் சண்டை போட முடியாது. தானாக ஆறாத நோய் இது.

வாய்க்கிருமி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தோல் புண், கொப்புளம், சலைன் ஏற்றிய ஊசி ஆகியவற்றின் வழியாக வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இன்னும் மூர்க்கமானது. வாய்க்கிருமி வாரக்கணக்கில் மெதுவாக அரிக்கும். இது சில நாட்களிலேயே வால்வைக் கிழித்துவிடும்.

எந்த ஓட்டைக்கு ஆபத்து அதிகமுங்க?

ரொம்ப அதிகம் உள்ளவர்கள் இவர்கள்: செயற்கை வால்வோ குழாயோ வைத்தவர்கள், ஒருமுறை ஏற்கெனவே இந்தத் தொற்று வந்து குணமானவர்கள், உதடும் நகமும் நீலமாக இருக்கும் வகை இதயக் குறை இன்னும் முழுதாகச் சரிசெய்யப்படாதவர்கள். இடைக்கால ஆபரேஷனாக ஷண்ட் (நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மாற்றுவழி) மட்டும் வைத்த குழந்தைகளும் இந்தக் கடைசி வகைதான்.

கீழறை ஓட்டை, பிறந்தபின் மூடியிருக்க வேண்டியும் மூடாத டக்டஸ் குழாய் (பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைப்பது), மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் மட்டும் உள்ள பெருந்தமனி வால்வு ஆகியவற்றுக்கு நடுத்தர ஆபத்து. மேலறைகளுக்கு நடுவே உள்ள சாதாரண ஓட்டையில் அழுத்த வித்தியாசம் குறைவு, ரத்தம் பீச்சி அடிப்பதில்லை. அங்கே இந்தத் தொற்று அபூர்வம். "ஓட்டை பெரிசு, அதனால ஆபத்தும் பெரிசு" என்ற கணக்கு இங்கே செல்லாது. சின்ன ஓட்டையில்தான் பீச்சும் வேகம் அதிகம்.

ஆபரேஷன் பண்ணி ஓட்டையை அடைச்சாச்சுங்களே, இன்னும் பயப்படோணுமா?

பேட்ச் என்ற ஒட்டு வைத்துத் தைத்தாலும், தொடை ரத்தக்குழாய் வழியாக டிவைஸ் என்ற அடைப்பானைப் போட்டாலும், அதன்மேல் உடம்பின் சொந்தத் தோல் வளர்ந்து மூட ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அதுவரை ஆபத்து அதிகம். 6 மாதத்துக்குப் பிறகு எக்கோவில் (இதய ஸ்கேனில்) கசிவு எதுவும் இல்லையென்றால் பெருமளவு கவலை தீர்ந்தது. பேட்ச் ஓரத்தில் கசிவு மிச்சம் இருந்தால், அது இருக்கிற வரைக்கும் அதிக ஆபத்துப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். செயற்கை வால்வுக்கு 6 மாதக் கணக்கு கிடையாது, ஆயுள் முழுக்க.

டிஸ்சார்ஜ் சீட்டில் "மிச்சக் கசிவு இல்லை" என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பல் டாக்டர் கேட்கப்போவது அதைத்தான்.

முன்னாலெல்லாம் ஓட்டை இருந்தாலே பல் புடுங்க மாத்திரை குடுத்தாங்க. இப்ப வேண்டாங்கறாங்க. எது சரி?

இரண்டும் அந்தந்தக் காலத்தில் சரி. 2007-ல் அமெரிக்க இதயச் சங்கம் தன் பரிந்துரையை மாற்றியது. எப்போதோ ஒருநாள் பல் பிடுங்கும்போது ரத்தத்தில் சேரும் கிருமியைவிட, தினமும் விளக்கும்போதும் மெல்லும்போதும் சேருவது வருடக் கணக்கில் பார்த்தால் பல மடங்கு அதிகம். ஆகவே கிருமியைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை, தொற்று வந்தால் உயிருக்கே மோசமாகும் மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு மட்டும் போதும் என்று முடிவானது. 2021-ல் மறுபடி அலசியபோதும் அந்த நிலை மாறவில்லை. ஆனால் கிளிண்டாமைசின் மருந்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதன் பக்கவிளைவு கடுமை என்பதால். பழைய சீட்டில் அது எழுதியிருந்தால் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன நடுத்தர வகைக்குப் பல் வேலைக்கு முன் மாத்திரை தேவையில்லை. பல் சுத்தம் எல்லோருக்கும் தேவை.

மாத்திரை வேணும்னா எவ்வளவு, எப்பங்க?

வேலை தொடங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒரே ஒரு வேளை. பெரியவர்களுக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம், அதாவது 500 மி.கி. காப்ஸ்யூல் 4, ஒரே தடவையில். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 50 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 600 மி.கி.; 5 மி.லி.-யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 12 மி.லி., 125 மி.கி. உள்ளதென்றால் 24 மி.லி. 40 கிலோவை எட்டியதும் பெரியவர் அளவு. அதற்கு மேல் ஏற்றக் கூடாது.

இங்கே நடக்கிற தவறுகள் சில. மருந்துக்கடையில் அமாக்ஸிசிலின் கேட்டால் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த 625 மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். அதில் நான்கைப் போட்டால் கிளாவுலனிக் அளவுக்கு மீறிப் போய் வயிற்றைக் கெடுக்கும். தனி அமாக்ஸிசிலின் என்று சீட்டைக் காட்டி வாங்குங்கள். அடுத்தது, முந்தின நாளே ஆரம்பித்து ஐந்து நாள் சாப்பிடுவது. அதனால் பலன் கூடாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் வாயில் மிஞ்சும். போட மறந்துவிட்டால் வேலை முடிந்து 2 மணி நேரத்துக்குள் போடலாம்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அசித்ரோமைசின் 500 மி.கி., குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. செஃபலெக்சினும் உண்டு, ஆனால் பென்சிலினால் உடம்பெல்லாம் தடித்தவருக்கும், முகம் வீங்கியவருக்கும், மூச்சு முட்டியவருக்கும் அது கூடாது. வேறு நோய்க்காக ஏற்கெனவே அமாக்ஸிசிலின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், முடிந்தால் அது முடிந்து 10 நாள் கழித்துப் பல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தள்ள முடியாதென்றால் வேறு வகை மருந்து வேண்டும்.

முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் 3 வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி இதற்கான தடுப்பு அல்ல. அந்த ஊசி போடுகிறவருக்குச் செயற்கை வால்வும் இருந்தால், பல் வேலைக்கு முன் அசித்ரோமைசின் போன்ற வேறு வகையைத்தான் தர வேண்டும்.

எல்லாப் பல் வேலைக்குமா?

ஈறு அல்லது பல்லின் வேர்நுனி தொடப்படும் வேலைக்கு: பல் பிடுங்குவது, கறை சுரண்டிச் சுத்தம் செய்வது, ரூட் கேனால் வேர்நுனியைத் தாண்டும்போது, ஈறு ஆபரேஷன். எக்ஸ்ரே எடுக்க, கம்பி முடுக்க, நல்ல ஈறில் மரப்பு ஊசி போட, பால் பல் தானாக விழ, விழுந்து உதடு கிழிய: இவற்றுக்கு வேண்டாம். எண்டோஸ்கோபிக்கும் சுகப்பிரசவத்துக்கும் இதயத்தைக் காரணம் காட்டி வழக்கமாகத் தருவதில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்குவதற்காக அவற்றைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. செயற்கை வால்வில் கட்டி அடைத்துவிடும்.

காய்ச்சல் வந்தா என்னங்க பண்றது?

எண்டோகார்டைட்டிஸின் முதல் அடையாளம் பெரும்பாலும் வெறும் காய்ச்சல்தான். சாயங்காலம் ஏறும், காலையில் இறங்கும், இரவில் வேர்க்கும். சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று காரணம் சொல்ல ஒன்றும் இருக்காது. வீட்டில் என்ன நடக்கும்? பக்கத்து மருந்துக்கடையில் சொல்லி மூன்று நாளைக்கு அசித்ரோமைசினோ செஃபிக்சிமோ வாங்கிக் கொடுப்பார்கள். காய்ச்சல் விடும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும். மறுபடி வேறு மாத்திரை. வைடால் பரிசோதனையில் ஏதோ எண் கொஞ்சம் கூடியிருந்தால் டைஃபாய்டு என்று இன்னும் பத்து நாள். இப்படி ஒன்றரை மாதம் ஓடிவிடும்.

அந்த அரைகுறை மருந்து வெஜிடேஷனுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. ரத்தத்தில் மிதக்கும் கிருமியை மட்டும் கொன்றுவிடும். அதன்பின் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பல மருந்துகளை ஏற்ற வேண்டிவரும். அதற்குள் வால்வு போயிருக்கும். இந்த நோயில் பார்க்கிற இழப்புகளில் தவிர்த்திருக்கக்கூடியவை பெரும்பாலும் இந்த வழியில் வருபவை. அதனால்தான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறோம்: இதயக் குறை உள்ளவருக்கு, காரணம் தெரியாத காய்ச்சலுக்கு, ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்காமல் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

பாராசிட்டமால் கொடுக்கலாம், அது கல்ச்சரைக் கெடுக்காது. குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. தெர்மாமீட்டரில் காலை, மாலை பார்த்து நோட்டில் எழுதுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டிய காய்ச்சல் காரணம் தெரியாமல் 2, 3 நாள் நீடித்தால் கல்ச்சர் எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செயற்கை வால்வு வைத்தவர், முன்பே இந்தத் தொற்று வந்தவர் முதல் நாளே போக வேண்டும். மழைக்காலத்தில் டெங்குவும் இருக்கலாம், அதையும் பார்க்கட்டும். ஒன்றைப் பார்ப்பதற்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

ரத்தக் கல்ச்சர் சரியா எடுத்திருக்காங்களான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

மூன்று தடவை, மூன்று தனித்தனி ஊசிக் குத்தில் எடுக்க வேண்டும். முதல் தடவைக்கும் கடைசிக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இருந்தால் நல்லது. பெரியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 20 மி.லி., இரண்டு பாட்டிலில். வளர்ந்த குழந்தைக்கு 5 முதல் 7 மி.லி., கைக்குழந்தைக்கு 1 முதல் 3 மி.லி. "இத்தனை ரத்தமா?" என்று தடுக்காதீர்கள். ரத்தம் குறைந்தால் கிருமி சிக்காமல் போகும்.

ஏற்கெனவே போட்டிருக்கும் சலைன் ஊசி வழியாக உறிஞ்சக் கூடாது, அதில் ஒட்டியிருக்கும் தோல் கிருமி வளர்ந்து குழப்பும். ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது அழுக்கா, நோயா என்று சொல்ல முடியாது. மூன்று தடவை எடுப்பது இதற்குத்தான். பெரும்பாலான கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும், வழக்கமாக 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

நோயாளி மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் வந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க மாட்டார்கள். சில நிமிடங்களிலேயே அடுத்தடுத்து எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். அது சரியான முறைதான். மாத்திரை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? மறைக்காதீர்கள். பெயர், நாள், எத்தனை வேளை என்று சொல்லுங்கள், அட்டையையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

எக்கோ நார்மல்னு வந்துருச்சுங்க. அப்ப இல்லைதானே?

இல்லை என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மார்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் சின்ன வெஜிடேஷன் தப்பலாம். செயற்கை வால்வும் பேட்ச்சும் நிழல் போட்டு மறைக்கும். சந்தேகம் பலமாக இருந்தால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுப்பார்கள். அதிலும் தெரியாவிட்டால் 5 முதல் 7 நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். செயற்கை வால்வில் சில சமயம் பெட் ஸ்கேன் தேவைப்படும்.

காய்ச்சலைத் தவிர வேற அடையாளம் இருக்குதுங்களா?

பசியின்மை, எடை குறைவது, மூட்டு வலி, ஒன்றும் செய்ய முடியாத அசதி. விரல் நுனியில் வலிக்கும் சிறு முடிச்சு, நகத்தடியில் சிலாம்பு ஏறியது போன்ற கருஞ்சிவப்புக் கோடு, சிறுநீரில் ரத்தம். இவை எல்லோருக்கும் வராது, குழந்தைகளுக்கு இன்னும் அபூர்வம். ஆகவே இல்லையென்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வலது பக்க இதயத்தில் தொற்று இருந்தால் துணுக்குகள் நுரையீரலுக்குப் போய் இருமலும் நெஞ்சுவலியுமாக வரும். நிமோனியா என்றோ காசநோய் என்றோ மருந்து தொடங்கிவிடுவதுண்டு. இதயக் குறை இருப்பதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியவை: வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கைகால் விழுவது, திடீரென்று மூச்சு முட்டுவது, வலிப்பு. நீலமாக இருக்கும் குழந்தைக்குத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும், மூளையில் சீழ்க்கட்டி வரும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. நுரையீரலில் வடிகட்டப்படாத ரத்தம் ஓட்டை வழியே நேராக மூளைக்குப் போவதால் வருவது அது. இதே காரணத்தால் இந்தக் குழந்தைகளுக்குச் சலைன் ஏற்றும்போது குழாயில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது.

காய்ச்சல் ஒரு வாரத்துல நின்னுபோச்சு. எதுக்குங்க இன்னும் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில படுக்கோணும்?

வெஜிடேஷனுக்குள் மருந்து மெல்ல ஊறித்தான் போகும், உள்ளே தூங்கும் கிருமி மெல்லத்தான் சாகும். சொந்த வால்வில் சாதாரண வாய்க்கிருமி என்றால் 4 வாரம், செயற்கை வால்வு என்றால் குறைந்தது 6 வாரம், நரம்பு வழியாக. நாள் கணக்கு ஊசி போட்ட முதல் நாளிலிருந்து அல்ல; கல்ச்சரில் கிருமி வளராத முதல் நாளிலிருந்து. இதைத் தெரியாமல்தான் "28 நாள் ஆச்சே, ஏன் விடமாட்டீங்கறாங்க?" என்ற சண்டை வருகிறது. பாதியில் வீட்டுக்குப் போனால் நோய் திரும்பும். முதல் மருந்து அடுத்த முறை கேட்காமலும் போகலாம்.

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிட்னிப் பரிசோதனையை அடிக்கடி எடுக்க வேண்டும். காதில் இரைச்சல், கிறுகிறுப்பு இருந்தால் உடனே சொல்லுங்கள். கையில் ஊசி போட்ட இடம் சிவந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

வால்வு கிழிந்து இதயம் திணறினாலோ, வால்வைச் சுற்றிச் சீழ் கட்டினாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ, 10 மி.மீ.-க்கு மேல் வளர்ந்த வெஜிடேஷன் துண்டு துண்டாகச் சிதறினாலோ ஆபரேஷன். "மருந்துக் கோர்ஸ் முடியட்டும்" என்று அப்போது தள்ளிப்போடுவது ஆபத்து.

குலதெய்வம் கோயில்ல காதுகுத்துச் சீர் வெச்சிருக்கறமுங்க. குத்தலாங்களா?

ஆபரேஷன் ஆகி 6 மாதத்துக்குள் வேண்டாம். அதிக ஆபத்து வகை என்றால் இதய டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். மற்றவர்களுக்கு, காதுமடலின் கீழ்ச்சதையில் மட்டும், புது ஊசியால், ஆஸ்பத்திரியிலேயே குத்திக்கொள்வது நல்லது. ஆறியபின் கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்துத் தோடு மாட்டிச் சீரைச் செய்யலாம். சாமி குறை சொல்லாது. ஒரம்பரை யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். குத்திய இடத்தில் சீழ் வைத்தால் அன்றே காட்டுங்கள்.

நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்துவது கூடாது. வாய்க்கிருமியை நேரே ரத்தத்துக்கு ஏற்றுவது போல அது. பச்சை குத்துவதும் வேண்டாம். குண்டம் இறங்கிக் காலில் கொப்புளம் வந்தால் அதுவும் தோல் கிருமிக்கு வாசல். அதிக ஆபத்து உள்ளவர் பொங்கல் வைத்துக் கும்பிட்டு வரட்டும்.

பனியன் கம்பெனியில தையல் வேலைங்க. ஊசி விரல்ல ஏறிருச்சுன்னா?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 5 நிமிடம் கழுவுங்கள். ஊசி முனை உள்ளே முறிந்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் எக்ஸ்ரே எடுத்து அன்றே எடுத்துவிட வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி (டி.டி.) நிலையைச் சரிபாருங்கள். மஞ்சள்தூளையும் எண்ணெயையும் காயத்தில் அப்ப வேண்டாம். விளைந்த மண்ணிலிருந்து அரைத்த மில் வரை வந்த பொடி அது, சுத்தமான மருந்து அல்ல. விரல் வீங்கிச் சீழ் வைத்தால் காட்டுங்கள். கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள்.

ஆடு மாடு வெச்சிருக்கறமுங்க. அதுல ஏதாச்சும்?

உண்டு. ஆடு, மாடு ஈனும்போது வரும் நஞ்சுக்கொடியிலும் நீரிலும் க்யூ காய்ச்சல் கிருமி இருக்கலாம், காய்ச்சாத பாலில் புரூசெல்லா இருக்கலாம். இரண்டும் வால்வில் தங்கக்கூடியவை. க்யூ காய்ச்சல் கிருமி சாதாரணக் கல்ச்சரில் வளராது, தனி ரத்தப் பரிசோதனை வேண்டும். பட்டியில் வேலை செய்கிறவர் என்பதை டாக்டரிடம் சொன்னால்தான் அந்தப் பரிசோதனை அவருக்கு நினைவுக்கு வரும். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். வால்வு வைத்தவர் ஆட்டுக்குப் பிரசவம் பார்க்க வேண்டாம், வேறு யாராவது பார்க்கட்டும்.

பல்லை எப்படிப் பாத்துக்கறதுங்க?

தினம் இரண்டு வேளை, 2 நிமிடம், ஃப்ளோரைடு பேஸ்ட். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. ஈறில் ரத்தம் வருகிறதென்று விளக்குவதை நிறுத்துகிறார்கள், அது தலைகீழ். விளக்காததால்தான் ரத்தம் வருகிறது. பால் புட்டியோடு தூங்க வைக்காதீர்கள். தினமும் கொடுக்கும் இனிப்பு சிரப்புக்குப் பிறகு வாயைத் துடையுங்கள் அல்லது தண்ணீர் கொடுங்கள். அதிக ஆபத்து வகையினர் 6 மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர் வருடத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போக வேண்டும். இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால், அதற்கு 2 வாரம் முன்பே சொத்தைப் பல் வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

எங்க போறது, செலவுக்கு என்ன வழிங்க?

சின்ன கிளினிக்கில் கல்ச்சர் எடுக்க வசதி இருக்காது. கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்று உங்களுக்குப் பக்கமாக இருக்கும். இதய ஆபரேஷன்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் அட்டை எடுக்கலாம். நோய் வருமுன் எடுத்து வையுங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் குழந்தையின் இதயக் குறையைச் சொல்லிப் பதிந்து வையுங்கள்.

கையில என்ன சீட்டு வெச்சிருக்கோணும்?

ஒரு சிறிய அட்டை, நெகிழி உறையில் போட்டது. அதில் இதயக் குறையின் பெயர், ஆபரேஷன் அல்லது டிவைஸ் போட்ட தேதி, மிச்சக் கசிவு உண்டா இல்லையா, ஒத்துக்கொள்ளாத மருந்து, குழந்தையின் கடைசி எடை, பல் வேலைக்குத் தடுப்பு மருந்து தேவையா, தேவையென்றால் எவ்வளவு. அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில்: "காய்ச்சல் என்றால் முதலில் ரத்தக் கல்ச்சர், பிறகு ஆன்டிபயாடிக்." ஒன்று அம்மாவின் பையில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று அம்மிச்சி வீட்டில். விடுமுறையில் குழந்தை அங்கேதான் இருக்கும்.